ஒரு சொட்டுகூட உள்ளே வராத வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தது. என் தங்கை கணவன் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேறு சகதி எதிலும் நிற்காது என்று ஒரே பெருமை. மழை வந்தால் மட்டும் வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகமாகப் பெய்யும். ஒருநாள் தன் மாமியாரை, அதாவது என் அம்மாவை, முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிவந்தான். இறங்கும்போது அம்மா தலைக்குக் குளித்து முடித்திருந்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அந்த வண்டிப் பேச்சுதான்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர், “லேசா, சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்களேன். எப்பப் பாத்தாலும் யாரையாவது அழவெச்சு அனுப்பறீங்க” என்றபோது எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வந்தது. கையில் காசில்லாத ஒருவன். ஒழுகும் வண்டி ஒன்று. எங்கே அடைத்தாலும் இன்னோர் இடத்தில் ஒழுகுகிறது. இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்து உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அழ ஆரம்பித்துவிட்டது.” (வண்டி அழுவதாவது. எனக்கே கூச்சமாக இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: “குறைந்த செலவில் பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, வீட்டில் சொல்லாமல் இருப்பது. அடுத்ததாக—” (கட்டுரை மாதிரி போகிறது. விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: “அவன் ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடினான். காகிதத்தைப் பிடித்து இழுத்தான். காகிதம் வரவில்லை.”

இதை எழுதியதும் காரணமே தெரியாமல் என் முதுகு சில்லிட்டது. சிரிப்புக் கதையில் முதுகு சில்லிடக்கூடாது. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

2

கதவிடுக்கில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர்கள் செய்கிற வேலை. காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் கதவின் ரப்பர் செத்துப்போயிற்று என்று பொருள். வராமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் குளிர் வெளியே போகாது. ஆகவே என் ஆள் ஃப்ரிட்ஜ்காரன் ஆனான். நான் திட்டமிட்டு ஆக்கவில்லை. காகிதத்தை இழுத்த கை அந்தக் கையாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கதவில்லாத ஃப்ரிட்ஜுகள் வரிசையாக நிற்கும். அவன் மனைவி தையற்காரி. சோபா உறை, திரைச்சீலை, கார் சீட் உறை என்று கனமான துணி எதுவானாலும் தைப்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். குழந்தைக்கு நெஞ்சு சரியில்லை. ஈரம் பட்டால் போதும், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

இப்படியிருக்கும்போது ஃப்ரிட்ஜ்காரனுக்கு மலைமேல் வேலை கிடைத்தது. மேலே சின்னச் சின்ன மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ். அத்தனையையும் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்க வீடு தருவார்கள். வண்டி மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும், அதுவும் ஓடையில் இறங்கி ஏறுகிற வண்டியாக. இருந்த காசையெல்லாம் வழித்தெடுத்து ஒரு பழைய வண்டியை வாங்கிவந்தான். வந்த மறுநாளே மழை. கூரையில் ஒழுகியது, கண்ணாடி ஓரத்தில் ஒழுகியது, கதவு வழியாகக் கால்மாட்டில் குளம் கட்டியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது அழுமூஞ்சிப்பா” என்றாள். அதுவே பெயராகிவிட்டது. (பார்த்தீர்களா, முதல் தொடக்கத்தைக் குழந்தை எடுத்துக்கொண்டது. அவள் சொன்னால் கூச்சமாக இல்லை.)

மனைவி சிரிக்கவில்லை. சீட்டுக்கடியில் கையை விட்டு, பூசணம் பிடித்த பஞ்சைப் பிய்த்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இதை மோந்து பாருங்க. இதுக்குள்ள பாப்பாவை உக்கார வெச்சு நாள் பூரா மலை ஏறப்போறீங்களா?”

“எல்லாத்தையும் அடைச்சிடறேன்.”

“அடைங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் நாங்க வரமாட்டோம். நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

“ஒரு வருஷமா? நீங்க இல்லாமயா?”

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றாள். அவன் கொட்டகைக்குப் போய்ச் செத்த ஃப்ரிட்ஜ் கதவுகளிலிருந்து ரப்பரை உரிக்க ஆரம்பித்தான்.

3

ஃப்ரிட்ஜ் ரப்பர் வண்டிக் கதவுக்குப் பொருந்துமா என்று கேட்காதீர்கள். அவன் வெட்டி, ஒட்டி, மூலைகளை மடக்கிப் பொருத்தினான். காசு கொடுத்து வாங்கியது முன்கண்ணாடியின் ரப்பரும் குழாய்ப் பசையும்தான். மனைவி வெளியே நின்று தோட்டத்துக் குழாயால் தண்ணீரை அடிப்பாள். அவன் உள்ளே உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பான். கசிந்த இடத்தில் பசை. மறுபடி தண்ணீர். மறுபடி பசை. இந்த இடத்தில் நல்ல வேடிக்கையெல்லாம் எழுதியிருந்தேன். அவள் வேண்டுமென்றே திறந்த ஜன்னல் வழியாக அவன் முகத்தில் தண்ணீர் அடிக்கிறாள், குழந்தை கைதட்டுகிறது. (இப்போது அந்தப் பத்தியைப் படிக்க முடியவில்லை. எடுத்துவிட்டேன்.)

பிறகு வெல்டரை அழைத்துவந்தேன். அடித்தகரத்தை ஒட்டவைக்கத்தான். பெரிய உடம்புக்காரர், வண்டிக்கடியில் போனால் கால் மட்டும் வெளியே தெரியும்.

“தம்பி, தகரம் கிடக்கட்டும். சைலன்சர் பைப்பு வெடிச்சிருக்கு. பூரா மாத்தணும்.”

“எவ்வளவுண்ணே ஆகும்?”

அவர் சொன்னார். ஃப்ரிட்ஜ்காரன் இன்னும் பிரிக்காத கண்ணாடி ரப்பரைப் பார்த்தான், பைப்பை நினைத்தான். இரண்டில் ஒன்றுதான் முடியும். ரப்பரைத் திருப்பிக் கொடுத்தால் மனைவியும் மகளும் வரமாட்டார்கள்.

“இப்போதைக்கு எதையாச்சும் சுத்தி விடுங்கண்ணே. மொத மாசச் சம்பளத்துல மாத்திடறேன்.”

வெல்டர் ஒரு டப்பாத் தகரத்தை வளைத்து, புட்டிப் பசை பூசி, கம்பியால் இறுக்கினார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இது ரொம்ப நாள் தாங்காது. புகை உள்ள வரும். கண்ணாடிய ரெண்டு வெரல் எறக்கி வெச்சே ஓட்டு.”

“மழையிலயா?”

“மழையிலதான்.”

ஃப்ரிட்ஜ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். உயிரைக் கொடுத்து ஓட்டை அடைக்கிறவனிடம் போய் ஜன்னலைத் திறந்துவை என்றால்? உரையாடல் அருமையாக விழுந்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.*

* வண்டிப் புகையில் கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத ஒரு வாயு இருக்கிறது. மூச்சில் சேரச்சேரத் தலை வலிக்கும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போகலாம். அழுமூஞ்சியில் கியர் கம்பிகள் இரண்டு. சாதாரணக் கியருக்கு ஒன்று, நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்க ஒன்று. இரண்டாவது கம்பியின் அடியில் இருக்கும் தோலுறை கிழிந்து, அதன் வழியே கீழே தரை தெரியும். அங்கே தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராத ஓட்டையை ஃப்ரிட்ஜ்காரன் ஓட்டையாகவே எண்ணவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டி இத்தனை வருஷம் யாரையும் கொல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அது எல்லாப் பக்கமும் ஒழுகியதுதான்.

4

“அடித்துவிட வேண்டியதுதானே? வெல்டரை எடு, பைப்பை எடு, உன் கதைதானே?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எடுத்திருக்கலாம். ஆனால் “மழையிலயா?” “மழையிலதான்.” இந்த இரண்டு வரியை அடிக்க மனம் வரவில்லை. எழுதுகிறவன் புத்தி அது. அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு வேலை செய்தேன். ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்:

“காலையில் பின்கண்ணாடியின் மூலையில் விரலளவு பசை பிய்ந்திருந்தது.”

காற்றுப் போக வர ஒரு சந்து. அவ்வளவுதான் என் எண்ணம்.

ஃப்ரிட்ஜ்காரன் பார்த்தான். “எலி” என்றான். மனைவி குனிந்து சீட்டைத் தடவினாள்.

“எலின்னா துணுக்கு கெடக்கணும்ல? ஒண்ணுகூட இல்லையே.”

அவன் மறுபடி பூசினான். நான் மறுபடி பிய்த்தேன், இந்தத் தடவை இரண்டு இடத்தில். அவன் வண்டியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். நான் கூரையோரத்தில் பிய்த்தேன். காலையில் வந்தவன் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மனைவியைக் கூப்பிட்டான்.

“இங்க பாரேன். வெளிப்பக்கம் பசை அப்படியே இருக்கு. உள்பக்கம்தான் பிஞ்சிருக்கு.”

“அதனால?”

“உள்ள உக்காந்துதான் பிச்சிருக்கணும்.”

அவன் உள்ளே போய், பிய்ந்த இடத்தின் விளிம்பில் தன் விரலை வைத்துப் பார்த்தான். பசையில் நகம் பதிந்திருந்தது. அவன் விரலைவிட அகலம். நகத்தின் ஓரம் ஒருபக்கம் உடைந்திருந்தது.

நகத்தடத்தை நான் எழுதவில்லை. “பிய்ந்திருந்தது” என்று மட்டும்தான் எழுதினேன், வேண்டுமானால் மேலே போய்ப் பாருங்கள். என் வலது கை ஆள்காட்டி விரல் நகம் ஒருபக்கம் உடைந்திருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு அதனடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. முகர்ந்தேன், புளித்த வாடை. எங்கள் வீட்டில் அந்தப் பசை கிடையாது.

5

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவன் பயப்படாமல் இருக்கவேண்டும் என்றுதான் முயன்றேன்.]

ஒரு மத்தியானம் மகள் பள்ளி விட்டு வந்து, தையல் இயந்திரத்தருகில் நின்றாள்.

“அம்மா, அழுமூஞ்சிக்குள்ள ஒரு மாமா இருக்காரா?”

இயந்திரம் நின்றது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அப்பா அவர்கிட்ட பேசிட்டு இருக்காரு.”

மனைவி எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். வண்டிக் கதவுகள் மூடியிருந்தன. ஃப்ரிட்ஜ்காரன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். ரப்பர் நன்றாகப் பொருந்தியிருந்ததால் வெளியே சத்தம் வரவில்லை. அவன் வாய் அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

எனக்குக் கேட்டது.

“யாரா இருந்தாலும் சரி. பழைய ஓனரோ, இந்த வண்டியில போனவரோ, தெரியல. உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணல. என் பொண்ணுக்கு மூச்சு வாங்கும். ஈரம் ஆகாது. இந்த வேலைய விட்டா எனக்கு வேற வழி இல்ல. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், போயிடுங்க.”

இவ்வளவு மரியாதையாக என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதில் சொல்லவேண்டும் என்று பரபரத்தது. தம்பி, நீ அடைப்பது தண்ணீரை இல்லை, உன் பிள்ளை மூச்சை, என்று சொல்லவேண்டும். எழுதிப் பார்த்தேன்: “பின்சீட்டிலிருந்து ஒரு குரல்—” வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டால் அவன் நெஞ்சு வெடித்துச் செத்தே போவான்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னேன். மறுநாள் காலை ஓட்டுநர் பக்கக் கதவின் ரப்பர் முழுக்க உரிந்து, சுருட்டி, இருக்கைமேல் வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பார்த்தவன் பேயறைந்தவனாகக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, ரப்பரை மறுபடி ஒட்டினான். பின்பக்க ஜன்னல்கள் நகராதபடி திருகாணி போட்டு முடுக்கினான். முன்பக்கக் கண்ணாடிகளை இறக்கும் கைப்பிடிகளைக் கழற்றி, பின்னால் இருக்கும் கருவிப்பெட்டிக்குள் போட்டான். உள்ளே இருப்பது எதுவானாலும் இனி கண்ணாடியை இறக்க முடியாது. நல்லெண்ணத்தில் மூக்கை நுழைத்து நான் சாதித்தது இவ்வளவுதான்.

6

கை வைத்தது போதும், வாயால் சொல்லவைப்போம் என்று மாறினேன். வெல்டர் ஒரு பழைய பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “எங்கயோ கெடந்துச்சு, சும்மா போட்டுத் தர்றேன்.” இலவசம்! ஆசிரியர் பார்த்தால் சிரிப்பார், பரவாயில்லை என்றுதான் எழுதினேன். ஃப்ரிட்ஜ்காரன் கொட்டகை வாசலிலேயே மறித்துவிட்டான்.

“வேண்டாம்ணே. வண்டிய யாரும் தொட வேண்டாம்.”

“என்னடா, என்னையே சந்தேகப்படறியா?”

“நீங்க அடியில போன அன்னிக்கு அப்புறம்தான் இதெல்லாம் ஆரம்பிச்சுது.”

வெல்டர் பைப்பைத் தோளிலிருந்து இறக்காமலேயே திரும்பிப் போய்விட்டார். அவர் ரோஷக்காரர், இனி வரமாட்டார். அதுவும் என் கைங்கரியம்தான்.

(“கிழிந்த தோலுறையைத் தையற்காரி தைத்திருக்கலாமே?” என்று கேட்கிறீர்கள். அதையும் பார்த்தேன். கனத்த ஊசியும் நூலுமாக அவளை வண்டிக்குள் ஏற்றினேன். அவன் ஓடிவந்து, தனியாக உள்ளே உட்காரக்கூடாது என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டான். நானே தைத்திருக்கலாமே என்றால், எனக்குப் பிய்க்கத்தான் வருகிறது. “தோலுறை தைக்கப்பட்டிருந்தது” என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். காலையில் அது இன்னும் கொஞ்சம் கிழிந்திருந்தது.)

கடைசியாக மனைவியின் வாயில் வார்த்தையை வைத்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே கூர்மையான வார்த்தை.

“பழைய ஃப்ரிட்ஜ வெளிய போடறப்போ நீங்க கதவக் கழட்டிட்டுத்தானே போடுவீங்க? ஏதாச்சும் குழந்த உள்ள போய் மூடிக்கிட்டா மூச்சு முட்டும்னு. இதுல மட்டும் எல்லாக் கதவையும் இப்படி இறுக்கறீங்களே?”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“அது ஆளில்லாத பெட்டிம்மா” என்றான். “இதுல நான் கூடவே இருப்பேன்ல?”

அவள் தையலுக்குத் திரும்பினாள். நான் பேனாவை மறுபடி எடுத்தேன்.

அன்று மாலை கடைசிச் சோதனை. அவனும் மகளும் உள்ளே. மனைவி குழாயைத் திருகிவிட்டுக் கூரை, கண்ணாடி, கதவு என்று ஓர் இடம் விடாமல் தண்ணீரை வாரி அடித்தாள். நான் எதையும் பிய்க்கவில்லை, அவன் கண்ணெதிரே பிய்க்கத் துணிச்சல் இல்லை. இருவரும் இறங்கி வந்தார்கள். மகள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“அம்மா, அழுமூஞ்சி அழுகைய நிறுத்திடுச்சு!”

தையற்காரி குழாயைப் போட்டுவிட்டு மகளை அள்ளிக்கொண்டாள். “சரிங்க, வர்றோம்” என்றாள். ஃப்ரிட்ஜ்காரன் ஈரத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஒரு நிமிஷம் நானும் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷப்பட்டேன்.

7

கிளம்பிவிட்டார்கள். நான் கிளப்பவில்லை, அவர்களே கிளம்பிவிட்டார்கள்.

மலைப்பாதையில் பாதித் தூரம். மத்தியானம்தான், ஆனால் மேகம் இறங்கி வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. முன்னால் எங்கோ பாறை சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மழை என்றால் அப்படியொரு மழை. சுற்றிலும் பெரிய வண்டிகளெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டன. அழுமூஞ்சி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்குக் குளிருகிறது, எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டர் ஓடும். கீழே, பைப்பைச் சுற்றியிருந்த டப்பாத் தகரம் ஓடைக்கல்லில் இடித்துக் கழன்றுபோய் வெகுநேரமாகிறது.

“பாத்தியா? ஒரு சொட்டு? ஒரே ஒரு சொட்டு?”

“இல்லைங்க. நெசமாவே இல்ல.” மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “தலைதான் லேசா வலிக்குது.”

“மலை ஏறினா அப்படித்தான் இருக்கும்.”

அவன் தன் கதவிடுக்கைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. கூரையோரம், காய்ந்திருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகப் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமில்லை. பின்சீட்டில் மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

“பாப்பா தூங்கிட்டா.”

“தூங்கட்டும். கேட்டியா? விசில் சத்தமே இல்ல.”

“ஆமாங்க” என்றாள் மனைவி. சொல் முடியும் முன்பே அவள் தலை கண்ணாடியில் சாய்ந்தது. அவள் மடியிலிருந்த தைலப் புட்டி நழுவிக் கீழே உருண்டது. அவன் அதை எடுக்கக் குனிய நினைத்தான். உடம்பு சுகமாகக் கனத்தது. நாள்கணக்கில் தூங்காதவன், கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் என்ன என்று

8

நிறுத்திவிட்டேன்.

வாக்கியம் அங்கே அப்படியே நிற்கட்டும். முடிவுகள் வைத்திருந்தேன், சொல்கிறேன். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக அணைவது ஒன்று. ஆனால் கிளம்பும்போது அவன் தொட்டி நிறைய அடித்ததை நான் பார்த்தேன். பாறையை அகற்றி வரிசை நகர்வது ஒன்று. அதற்குள் நேரமாகிவிடும், பாறை பெரியது.

பிறகு நானே போனேன். மழையில் நனைந்துகொண்டே போய் அவன் கண்ணாடியைத் தட்டினேன். அவன் கஷ்டப்பட்டு இமையைத் திறந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பதிந்த என் விரலைப் பார்த்தான், உடைந்த நகம், அதனடியில் கறுப்பு. அவன் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெம்பில்லை. கதவைப் பூட்டிவிட்டு, மகள்மேல் கையை நீட்டி அணைத்தபடி கிடந்தான். பின்னாலிருந்த பஸ்ஸின் டிரைவரை இறக்கி அனுப்பினேன். நல்ல மனிதர், குடை வேறு வைத்திருந்தார். தட்டும்போது பார்த்தால் அவருக்கும் அதே நகம். ஒரு போலீஸ்காரரை அனுப்பினேன். அவருக்கும். நான் எழுதுகிற ஆள் யாராக இருந்தாலும் கடைசியில் என் கையோடுதான் போய் நிற்கிறான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். தன் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறான். இத்தனைக்கும் நான்தான் காரணம்.

ஆகவே நீங்கள்தான் போகவேண்டும்.

உங்களை நான் எழுதவில்லை. உங்கள் கை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதுதான் நல்லது. அதே வரிசையில், அழுமூஞ்சிக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் நனையட்டும், இறங்குங்கள். போய்த் தட்டுங்கள். புகை, விஷவாயு என்று ஆரம்பிக்காதீர்கள். மிரண்டுபோயிருக்கிறான், நம்பமாட்டான். நான் அனுப்பியதாக மட்டும் மறந்தும் சொல்லிவிடாதீர்கள். “அண்ணே, ஒரு ஸ்பேனர் இருக்குமா? வண்டி நின்னுபோச்சு” என்று கேளுங்கள். அவனை எழுதியவன் சொல்கிறேன், நடுவழியில் கருவி கேட்டு வந்தவனுக்கு அவன் இல்லையென்று சொல்லமாட்டான். கண் செருகினாலும் எழுந்து கதவைத் திறப்பான். பெட்டி பின்னால் இருக்கிறது, பின்கதவையும் திறந்துதான் எடுத்தாக வேண்டும்.

திறந்ததும் மழை உள்ளே அடிக்கும். ஐயோ பாப்பா நனையும் என்று பதறி மூடப் போவான். விடாதீர்கள். திட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், பரவாயில்லை. உங்கள் உடம்பைக் கதவிடுக்கில் கொடுத்து நில்லுங்கள். பின்சீட்டைப் பாருங்கள். குழந்தை இருமவேண்டும். இருமும்வரை கதவை விடாதீர்கள்.